கேஸுக்கு நாற்றம் வந்த கதை

எங்கள் சேதராப்பட்டில் காலை ஆறரை மணிக்கு டீக்கடையில் கூடுகிற கூட்டத்தில் எழுபதைத் தாண்டியவர்கள் நான்கைந்து பேர் இருக்கிறோம். போன வாரம் பேச்சு குழாய் எரிவாயு பக்கம் திரும்பியது. தண்ணீர் வருகிற மாதிரி கேஸும் குழாயில் வரும், சிலிண்டருக்குப் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டாம் என்று ஒருவர் சொல்ல, இன்னொருவர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"ஏன் சார், சிலிண்டர் கேஸ் கசிஞ்சா நாத்தம் வருது. குழாய்ல வர்ற கேஸ்லயும் அந்த நாத்தம் இருக்குமா?"

"இருக்கும். இருந்தே ஆகணும். சட்டம் அப்படி" என்றேன்.

"நாத்தத்துக்குக்கூடவா சட்டம்?" என்று எல்லோரும் சிரித்தார்கள்.

டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கக்கூடிய கதை இல்லை அது. அதனால் இங்கே எழுதுகிறேன். எனக்கும் அந்த நாற்றத்துக்கும் சொந்தக் கணக்கு ஒன்று உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

1962 ஆகஸ்ட் 16-ஆம் தேதி புதுவை சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. அதற்கு முன்னும் பின்னும் நான் படித்தது பிரெஞ்சு வழியில். சேதராப்பட்டிலிருந்து நகரத்துக்கு சைக்கிள் மிதித்துப் போய்ப் படித்த நாட்கள். ரசாயனப் பாடம் எடுத்த முசே ஒவ்வொரு வாயுவுக்கும் அதன் குணங்களை வாய்ப்பாடு போல ஒப்பிக்க வைப்பார். மீத்தேன் வந்தால் "ஆங்கொலோர், இனொதோர்" என்று வகுப்பே ஒரே குரலில் சொல்லும். நிறமற்றது, மணமற்றது என்று பொருள். அர்த்தம் தெரிந்து சொன்னோமோ என்னவோ, ராகம் மட்டும் இன்றைக்கும் மறக்கவில்லை.

அப்போது எங்கள் வீட்டில் எரிந்தது சவுக்கு விறகும் வறட்டியும்தான். பிறகு மண்ணெண்ணெய் பம்ப் ஸ்டவ் வந்தது. சிலிண்டர் வந்தது 1980-களில், நான் அரசு வேலையில் எல்.டி.சி.யாக இருந்து யு.டி.சி. ஆன பிறகு. அம்மா புது அடுப்புக்குக் குங்குமம் வைத்தாள். சிலிண்டரை மாட்டிக்கொண்டிருக்கும்போது லேசாக வாயு வெளியேற, திண்ணையில் உட்கார்ந்திருந்த அப்பா மூக்கைச் சுளித்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"என்னடா இது, அழுகின முட்டை மாதிரி நாத்தம்?"

"கேஸுக்கு வாசனையே கிடையாதுன்னுதான்ப்பா நான் படிச்சேன்" என்றேன்.

சிலிண்டர் கொண்டுவந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார்: "அது கேஸ் நாத்தம் இல்ல சார். கம்பெனியில சேர்க்கிறாங்க. லீக் ஆனா தெரியணும்ல?"

இத்தனை வருஷம் பிரெஞ்சில் ரசாயனம் ஒப்பித்தவன் நான். விஷயம் தெரிந்தவர் அவர். அன்றிலிருந்து இந்த நாற்றத்தைப் பற்றி எங்கே எது கிடைத்தாலும் படித்து வைத்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது.

முதலில் ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். சிலிண்டரில் இருப்பது புரோப்பேனும் பியூட்டேனும் கலந்த வாயு. அழுத்தத்தால் திரவமாக்கி அடைத்திருக்கிறார்கள். குழாயில் வருவது இயற்கை எரிவாயு, பெரும்பகுதி மீத்தேன். சிலிண்டர் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தவழும். மீத்தேன் காற்றைவிட லேசானது; கூரைப் பக்கம் ஏறும். ஆனால் சுத்தமான நிலையில் இரண்டுக்குமே மணம் கிடையாது. முசே சொல்லிக்கொடுத்தது தப்பில்லை.

அந்த நாற்றத்துக்காகச் சேர்க்கும் பொருள் நம் நாட்டில் பெரும்பாலும் எத்தில் மெர்காப்டன். கந்தகம் கலந்த ஒரு திரவம். டென்மார்க்கைச் சேர்ந்த சைஸ என்ற ரசாயன அறிஞர் 1830-களில் கண்டறிந்தது. பாதரசத்தோடு உடனே சேர்ந்துகொள்ளும் குணம் இருந்ததால், பாதரசத்தைப் பிடிப்பது என்ற பொருளில் லத்தீனிலிருந்து இந்தப் பெயரை வைத்தார். 35 டிகிரி வெப்பத்தில் கொதித்துவிடும். நம் சித்திரை வெயிலே அதற்குப் போதும். நூறு கோடிப் பங்கு காற்றில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தாலே நல்ல மூக்கு அதைப் பிடித்துவிடும். அதனால்தான் ஒரு நகரத்துக்கே போகிற வாயுவுக்குச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்தால் போதுமானதாக இருக்கிறது.

ஆதியில் இந்த வேலைக்கே அவசியம் இருக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நகரங்களில் எரிந்தது நிலக்கரியைச் சூடாக்கி எடுத்த வாயு. பிரான்சில் பிலிப் லெபோன் என்பவர் விறகிலிருந்து வாயு எடுத்து விளக்கெரிக்க 1799-லேயே காப்புரிமை வாங்கினார். கல்கத்தாவில் 1857-ல் தெருக்களில் கேஸ் விளக்கு எரிந்தது. நிலக்கரி வாயுவில் கந்தகம் முதலான கசடுகள் கலந்திருந்ததால் தானாகவே நாறியது. அதில் கார்பன் மோனாக்சைடு என்ற விஷமும் இருந்தது. ஆனாலும் கசிந்தால் மூக்கு சொல்லிவிடும்.

பூமிக்கு அடியிலிருந்து எடுக்கும் இயற்கை எரிவாயு வந்த பிறகுதான் சிக்கல். அதிலும் இடத்துக்கு இடம் குணம் மாறும். தென்மேற்கு பிரான்சில் லாக் என்ற ஊரில் 1951 டிசம்பரில் ஆழத்தில் வாயு கிடைத்தது. அதில் சுமார் 15 சதவீதம் ஹைட்ரஜன் சல்பைடு. அழுகிய முட்டை நாற்றம் அதற்கும் உண்டு. ஆனால் அது கொடிய விஷம், குழாயையும் அரித்துவிடும். அதைச் சுத்திகரித்து 1957-ல் வாயுவை வெளியே அனுப்பத் தொடங்கினார்கள். பிரித்தெடுத்த கந்தகத்தை விற்றே நல்ல காசு பார்த்தார்கள். சுத்தமான வாயுவுக்கு மணம் போய்விட்டதே! அதனால் டெட்ராஹைட்ரோதியோபீன் என்ற வேறொரு கந்தகப் பொருளைக் கொஞ்சமாகச் சேர்த்து மறுபடி நாற வைத்தார்கள். விஷ நாற்றத்தை எடுத்துவிட்டுக் காவல் நாற்றத்தை வைத்தது அது. சொல்தா குடும்பத்தில் பிறந்து பாரிஸ் பக்கம் குடியேறிவிட்ட என் அத்தை மகன், அங்கே கேஸ் நாற்றமும் நம் ஊர் நாற்றமும் ஒன்றில்லை என்று அடிக்கடி சொல்வான். காரணம் இதுதான்.

இனி, நாற்றம் எப்படிச் சட்டமானது என்பதற்கு வருகிறேன். அதற்கு அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்துக்குப் போக வேண்டும்.

நியூ லண்டன் என்பது அங்கே ஒரு சின்ன ஊர். பக்கத்திலேயே எண்ணெய் வயல்கள். அந்த வருமானத்தால் கிராமத்துப் பள்ளியே பணக்காரப் பள்ளியாக இருந்தது. எஃகுச் சட்டம் போட்ட பெரிய கட்டடம். அறைகளைச் சூடாக்க வாயு அடுப்புகள் மட்டும் எழுபதுக்கு மேல். அந்த வட்டாரத்தில் எண்ணெயோடு வரும் வாயுவிலிருந்து பெட்ரோல் பிரித்த பிறகு மிஞ்சும் வாயுவுக்கு மதிப்பில்லை. பெரும்பாலும் எரித்து விடுவார்கள். அந்த மிச்ச வாயு போகும் குழாயில் ஆளாளுக்குக் கிளை வைத்து வீட்டுக்கு இழுத்துக்கொள்வது வழக்கமாக இருந்தது. கம்பெனிகளும் கண்டும் காணாமல் விட்டன. 1937 ஆரம்பத்தில் பள்ளி நிர்வாகமும் விலைக்கு வாங்கிய வாயுவை நிறுத்திவிட்டு அந்தக் குழாயில் கிளை வைத்துக்கொண்டது. மிச்சம் ஆனது மாதம் சுமார் 300 டாலர்.

அந்த வாயுவுக்கு மணம் கிடையாது. எங்கோ ஒரு இணைப்பில் கசிந்து, கட்டடத்தின் தரைக்கு அடியில் இருந்த வெற்றிடத்தில் சேர்ந்துகொண்டே இருந்தது. பிள்ளைகள் சிலர் தலைவலிக்கிறது என்றார்களாம். ஒருவரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1937 மார்ச் 18, வியாழக்கிழமை. பிற்பகல் மூன்று மணி தாண்டியிருந்தது. தொழிற்பயிற்சி அறையில் ஆசிரியர் ஒருவர் மரம் இழைக்கும் மின்கருவியைப் போட்டார். ஒரு பொறி. கட்டடம் அப்படியே மேலே தூக்கிக் கீழே விழுந்தது. கிட்டத்தட்ட 300 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் பிள்ளைகள். எண்ணெய் வயலில் வேலை செய்துகொண்டிருந்த அப்பன்மார்களே ஓடிவந்து இடிபாடுகளைக் கையால் அள்ளித் தங்கள் பிள்ளைகளைத் தேடினார்கள்.

சில வாரங்களிலேயே, அதே 1937-ல், டெக்சாஸ் சட்டமன்றம் வாயுவுக்கு மணம் சேர்க்க வேண்டும் என்று சட்டம் செய்தது. அமல்படுத்தும் பொறுப்பு ரயில்வே ஆணையத்துக்கு. அந்த மாநிலத்தில் எண்ணெயும் வாயுவும் ரயில்வே ஆணையத்தின் கீழ் வரும் என்பதைப் படித்தபோது, அலுவலகங்களில் முப்பத்தைந்து வருஷம் கோப்பு தள்ளிய எனக்குச் சிரிப்பு வந்தது. எல்லா ஊரிலும் இப்படித்தான் போலிருக்கிறது. ஆனால் அந்தக் கோப்பு நகர்ந்த வேகத்தைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. அவ்வளவு பிள்ளைகள் போன பிறகுதான் அந்த வேகம்.

மெர்காப்டன் சேர்க்கும் யோசனை புதிதில்லை என்பது இதில் இன்னும் வேதனை. ஜெர்மனியில் 1880-களிலேயே ஒரு வகை வாயுவுக்கு அதைச் சேர்த்திருந்தார்கள். அமெரிக்கச் சுரங்க இலாகா 1920-லேயே இதை ஆராய்ந்து அறிக்கை போட்டிருந்தது. வழி தெரிந்திருந்தது. கட்டாயம் மட்டும்தான் இல்லை.

பிறகு 1970-ல் அமெரிக்கா முழுவதற்குமாகக் குழாய்ப் பாதுகாப்பு விதிகள் வந்தன. அதில் மணம் பற்றிய விதியின் முக்கியமான வாசகம் ஒன்றுதான். வீடுகளுக்கு வாயு கொண்டுபோகும் குழாயில், தீப்பிடிக்கக்கூடிய அளவில் ஐந்தில் ஒரு பங்கு வாயு காற்றில் கலந்த உடனேயே, சாதாரண மூக்கு உள்ளவருக்கு அது தெரிய வேண்டும்.

இந்தக் கணக்கை நம் சமையலறையில் வைத்துப் பார்க்கலாம். மீத்தேன் காற்றில் 5 சதவீதத்திலிருந்து 15 சதவீதம் வரை இருந்தால்தான் பற்றி வெடிக்கும். ஐந்தில் ஒரு பங்கு என்றால் 1 சதவீதம். பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரம் உள்ள அறையில் ஆயிரம் கன அடி காற்று. அதில் 50 கன அடி வாயு கலந்தால் ஆபத்து. 10 கன அடி கலக்கும்போதே நாற்றம் தெரிந்துவிட வேண்டும். மீதி 40 கன அடி நேரம் நமக்குக் கிடைக்கும் அவகாசம். ஓடிப்போய் வால்வை மூடவும், ஜன்னலைத் திறக்கவும், பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியேறவும் சட்டம் நமக்கு ஒதுக்கித் தந்த நேரம் அது. எவ்வளவோ விதிகளை டைப் அடித்திருக்கிறேன். இவ்வளவு தெளிவான விதியை அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

இதைச் சோதிப்பதும் இன்னும் மனித மூக்கை வைத்துத்தான். வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றோடு கலந்து தரும் கருவி ஒன்று உண்டு. ஊழியர் மூக்கை வைத்து நுகர்ந்து, எந்த அளவில் தெரிந்தது என்று குறித்துக்கொள்கிறார்.

இன்னொரு விஷயம். ஊர் விட்டு ஊர் போகும் பெரிய குழாய்கள் எல்லாவற்றிலும் மணம் சேர்ப்பதில்லை. மின் நிலையத்துக்கும் உரத் தொழிற்சாலைக்கும் போகும் வாயுவில் கந்தகம் சேர்ந்தால் அவர்களுக்கு இடைஞ்சல். அதனால் பெரிய குழாயிலிருந்து ஊருக்குள் திரும்பும் இடத்தில்தான் நாற்றம் சேரும். வழியில் தன்னந்தனியாக ஒரு பண்ணை வீட்டுக்குக் கிளை கொடுத்தாலும் விடுவதில்லை. அந்த ஒரு வீட்டுக்காகவே, விளக்குத் திரி மாதிரி திரி வைத்து நாற்றத் திரவத்தை ஊற வைத்து வாயுவில் கலக்கும் சிறிய கருவிகள் அமெரிக்காவில் உண்டு. ஒரே ஒரு வாடிக்கையாளர் என்றாலும் அவர் வீட்டிலும் பிள்ளைகள் இருப்பார்கள் அல்லவா? நியூ லண்டன் பள்ளியும் அப்படி ஒரு கிளைதானே!

நம் நாட்டில் வடோதராவில் 1970-களின் தொடக்கத்திலேயே குழாயில் இயற்கை எரிவாயு கொடுத்தார்கள். மும்பையில் மகாநகர் கேஸ் 1995-லும் டெல்லியில் இந்திரபிரஸ்தா கேஸ் 1998-லும் அமைந்தன. பெட்ரோலியம் மற்றும் இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியத்துக்கான சட்டம் 2006-ல் வந்தது. நகர எரிவாயுக் குழாய்களுக்கான பாதுகாப்பு விதிகள் 2008-ல் வந்தன. அதன்படி வீடுகளுக்குப் போகும் வாயுவுக்கு மணம் சேர்த்தே ஆக வேண்டும். ஊரின் வாசலில் ஒரு நிலையம் இருக்கும். பெரிய குழாயில் வரும் வாயுவின் அழுத்தத்தைக் குறைத்து, அளந்து, மெர்காப்டன் சொட்டுகளைக் கலந்து ஊருக்குள் அனுப்புவார்கள். எண்ணூரில் 2019-ல் திறந்த திரவ எரிவாயு முனையத்திலிருந்து தூத்துக்குடி வரைக்குமான இந்தியன் ஆயில் குழாய்த் திட்டத்தின் பெயரிலேயே நம் புதுச்சேரியும் இருக்கிறது. டீக்கடைப் பேச்சு காரணம் இல்லாமல் வரவில்லை.

பெரிய குழாயில் நாற்றம் இல்லை என்பதை நான் முதலில் கேட்டது காரைக்காலில். இரண்டாயிரத்துக்குப் பிறகு சில காலம் அங்கே வேலை பார்த்தேன். திருமலைராயன்பட்டினம் பக்கம் நம் அரசின் மின் உற்பத்திக் கழகம் நடத்தும் 32.5 மெகாவாட் நிலையம் உண்டு. காவிரிப் படுகை வாயுவில் ஓடுவது. அலுவலக வேலையாக அந்தப் பக்கம் போனபோது, வாயு விஷயம் தெரிந்த ஒருவரிடம், "இவ்வளவு கேஸ் வருதே, நாத்தமே இல்லையே?" என்று கேட்டேன். "ஆலைக்கு வர்ற வாயுவுக்கு நாத்தம் எதுக்கு சார்? எங்களுக்குக் கருவி இருக்கு. வீட்டுக்குப் போனாதான் மூக்கு வேணும்" என்றார். அப்போது அது சரியான பதிலாகப்பட்டது.

2014 ஜூன் 27 அதிகாலையில் ஆந்திராவின் கிழக்கு கோதாவரி மாவட்டத்தில் நகரம் என்ற கிராமத்தில் நடந்ததைப் படித்த பிறகு அந்தப் பதில் எனக்குப் பாதியாகத் தெரிந்தது. வீடுகளுக்கும் தென்னந்தோப்புகளுக்கும் நடுவில் கெயில் நிறுவனத்தின் பெரிய குழாய் போயிருந்தது. உள்ளே அரித்துப்போயிருந்த குழாயிலிருந்து கசிந்த வாயு விடிகிற நேரத்தில் பனிபோல ஊருக்குள் பரவிவிட்டது. டீக்கடைக்காரர் ஒருவர் அடுப்பைப் பற்ற வைத்ததும் தீப்பிடித்தது என்று பத்திரிகைகள் எழுதின. இருபது பேருக்கு மேல் இறந்தார்கள். ஆலைக்குப் போகிற குழாய்தான். ஆனால் ஊர் வழியாகப் போனது. அந்த டீக்கடைக்காரர் அந்த வாயுவின் வாடிக்கையாளர் இல்லை. அவருக்கு எச்சரிக்கை அனுப்ப வேண்டும் என்று எந்தக் காகிதத்திலும் எழுதியிருக்காது. எங்கள் டீக்கடையில் அடுப்பு பற்ற வைக்கும்போதெல்லாம் அவர் நினைவு எனக்கு வரும்.

இனி, என் சொந்தக் கணக்கு.

2021-ல் கொரோனா வந்து பிழைத்தேன். மூக்கு மட்டும் முழுதாகத் திரும்பவில்லை. காபி மணம் தெரியவில்லை, மல்லி தெரியவில்லை, சாம்பாரில் பெருங்காயம் தெரியவில்லை. என் மனைவி இருந்தவரை எங்கள் வீட்டுக்கு மூக்கு அவள்தான். தோட்டத்தில் துணி காயப்போட்டுக்கொண்டே "பால் தீயுது பாருங்க" என்பாள். அவள் போய் வருஷங்கள் ஆகின்றன. மணம் தெரியாதது ஒரு குறை என்றே அதுவரை எனக்குத் தோன்றவில்லை. சோறு ருசிக்கவில்லை, அவ்வளவுதான் என்று இருந்தேன்.

மறு வருஷம் மும்பையில் பெரிய மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். அங்கே குழாய் கேஸ். மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போய்விட்டார்கள். பாலை அடுப்பில் வைத்துவிட்டு ஹாலில் பேப்பரை விரித்தேன். பால் பொங்கி வழிந்து தீ அணைந்திருக்கிறது. வாயு மட்டும் வந்துகொண்டே இருந்திருக்கிறது. நான் அந்த வீட்டுக்குள்ளேயே, பத்துப் பன்னிரண்டு அடி தூரத்தில், தலையங்கம் படித்துக்கொண்டிருந்தேன்.

கல்லூரியிலிருந்து சீக்கிரம் வந்துவிட்ட பேத்தி கதவைத் திறந்ததும் கத்தினாள். "தாத்தா! கேஸ்!"

நான் பதறி எழுந்து சமையலறைக்குப் போய் புகை விசிறி சுவிட்சில் கையை வைக்கப் போனேன். "எதையும் தொடாதீங்க!" என்று என் கையைப் பிடித்து இழுத்துவிட்டு, அவளே அடுப்பையும் சுவரில் இருந்த வால்வையும் மூடி, ஜன்னல்களைத் திறந்து, என்னைப் படிக்கட்டுக்குக் கூட்டிப்போனாள். படியில் உட்கார்ந்திருக்கும்போது அவளுக்குக் கை நடுங்கிக்கொண்டே இருந்தது. "இவ்ளோ நாத்தம் தாத்தா, உங்களுக்குத் தெரியவே இல்லையா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். தெரியவில்லை. கம்பெனி சேர்க்க வேண்டியதைச் சேர்த்திருந்தது. விதி சொன்னபடி நாற்றம் வீடு முழுவதும் நிறைந்திருந்தது. முப்பத்தைந்து வருஷம் விதி பார்த்தவனுக்கு மட்டும் எட்டவில்லை.

அலுவலகத்தில் தபால் அனுப்பும் பதிவேடு என்று ஒன்று இருக்கும். கடிதம் போனதற்கு அது சாட்சி. போய்ச் சேர்ந்ததற்குச் சாட்சி ஒப்புகை அட்டை. நாற்றச் சட்டத்தில் அனுப்பும் பதிவேடு இருக்கிறது. ஒப்புகை அட்டை இல்லை. சாதாரண மூக்கு உள்ளவருக்குத் தெரிய வேண்டும் என்று விதி சொல்கிறது. நம் வயதில் எத்தனை பேருக்குச் சாதாரண மூக்கு இருக்கிறது?

1986-ல் அமெரிக்காவின் நேஷனல் ஜியாக்ரபிக் பத்திரிகை, சுரண்டினால் மணம் வரும் அட்டையை இதழோடு அனுப்பி வாசகர்களின் மூக்கைச் சோதித்தது. ஆறு மணங்கள். அதில் ஒன்று இந்த மெர்காப்டன். சுமார் 15 லட்சம் பேர் பதில் அனுப்பினார்கள். வயது ஏற ஏற மணம் தெரிவது குறைகிறது என்று அதில் தெரிந்தது. கண் மங்கினால் நமக்கே தெரிகிறது, கண்ணாடி போடுகிறோம். காது மந்தமானால் வீட்டில் இருப்பவர்கள் சொல்லிவிடுகிறார்கள். மூக்கு போனால் நமக்கும் தெரிவதில்லை, அடுத்தவருக்கும் தெரிவதில்லை.

மூக்கு நன்றாக இருந்தாலும் சில சமயம் ஏமாற்றும். நாற்றத்திலேயே கொஞ்ச நேரம் இருந்தால் பழகிப்போய்த் தெரியாமல் போகும். புதுக் குழாயும் துருவும் மெர்காப்டனை இழுத்துக்கொள்வதுண்டு. மண்ணுக்கு அடியில் கசிந்து வரும் வாயுவின் நாற்றத்தை மண்ணே வடிகட்டிவிடுவதும் உண்டு. கலிபோர்னியாவில் பெரிய குழாயில் எங்கே கசிவு என்று கண்டுபிடிக்க, மேலே வட்டமிடும் கழுகுகளைப் பார்த்தார்கள் என்று ஒரு செய்தி உண்டு. அந்த நாட்டுக் கழுகு வகை ஒன்றுக்கு மூக்கு கூர்மை. செத்த பிராணியின் நாற்றம் என்று நினைத்து மெர்காப்டனைத் தேடி வந்துவிடும். நம் ஊர்ப் பிணந்தின்னிக் கழுகு கண்ணால்தான் இரை தேடும். எறும்புக்கு மூன்றறிவு என்றும் அந்த மூன்றாவது அறிவு மூக்கு என்றும் தொல்காப்பியம் சொல்கிறது. அந்தக் கணக்கில் நான் எறும்புக்கும் ஒரு படி கீழே இறங்கிவிட்டேன்.

அதனால் என் வயது நண்பர்களுக்குச் சில வார்த்தைகள். கேட்டு நடந்தால் சந்தோஷப்படுவேன்.

பேரன் பேத்தியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காபிப் பொடி, கற்பூரம், பெருங்காயம் ஆகியவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு நுகர்ந்து பாருங்கள். தெரியவில்லை என்றால் வெட்கப்படாமல் வீட்டில் சொல்லிவிடுங்கள். தீ அணைந்தால் வாயுவைத் தானாக நிறுத்தும் அடுப்பு இப்போது கிடைக்கிறது. வாயு கசிந்தால் சத்தம் போடும் கருவியும் கிடைக்கிறது. சிலிண்டர் வைத்திருப்பவர்கள் அதைத் தரைக்குப் பக்கத்தில் மாட்ட வேண்டும். குழாய் கேஸ் என்றால் கூரைக்குப் பக்கத்தில். இடம் மாறினால் கருவி இருந்தும் பயனில்லை. அடுப்பில் பால் இருக்கும்போது சமையலறையை விட்டு நகராதீர்கள். ராத்திரி ரெகுலேட்டரை மூடிவிட்டுப் படுங்கள். கசிவு என்று சந்தேகம் வந்தால் சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். அடுப்பையும் வால்வையும் மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, வெளியே வந்து போன் செய்யுங்கள். சிலிண்டர் கசிவுக்கு நாடு முழுவதும் 1906 என்ற எண் இருக்கிறது.

டீக்கடையில் கேட்ட நண்பருக்கும் இதுதான் பதில். குழாயில் வந்தாலும் நாற்றம் இருக்கும். அது நம் வீட்டு வாசல் வரைக்கும் வந்துசேர வேண்டும் என்பதற்காகத் தூரதேசத்தில் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் உயிரை விட்டிருக்கிறார்கள். அதை வாங்கிக்கொள்ள மூக்கு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நம் வேலை.

எங்கள் வீட்டில் இன்னும் சிலிண்டர்தான். கொண்டுவரும் பையனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். மாட்டி முடித்ததும், "கொஞ்சம் மோந்து பார்த்துட்டுப் போப்பா" என்பேன். முதல் தடவை என்னை ஒரு மாதிரி பார்த்தான். விஷயத்தைச் சொன்னேன். இப்போதெல்லாம் நான் சொல்ல வேண்டியதில்லை. குனிந்து, ரெகுலேட்டர் பக்கம் மூக்கை வைத்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்ல தாத்தா" என்று சொல்லிவிட்டுத்தான் போகிறான்.